உதட்டுக் கொப்புளமும் உள்ளத்து அச்சமும்

தேர்வு நெருங்கிவிட்டது என்பதை நாட்காட்டிக்கு முன்னரே எனக்கு அறிவிப்பது என் கீழுதடுதான். இரண்டு மூன்று இரவுகள் கண்விழித்துப் படித்தால் போதும். உதட்டின் ஓரத்தில் ஓர் ஊறல் தோன்றும். மறுநாள் அவ்விடம் சிவந்து, கடுகை ஒத்த நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். நாலைந்து நாளில் அவை உடைந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளுக்குள் சுவடின்றி மறைந்துவிடும். மீண்டும் அடுத்த தேர்வுக்கு வரும்.

லிங்கராஜபுரத்தில் நாங்கள் நால்வர் ஒரு மாடியறையில் குடியிருக்கிறோம். எங்களுக்குச் சோறிடும் மெஸ்காரம்மா வேலூர்ப் பக்கத்தவர். என் உதட்டைக் கண்டதும் அவர், "பல்லி எச்சில் பட்டிருக்கு தம்பி, மஞ்சளைக் குழைச்சு வை" என்பார். என் பாட்டியோ, உறங்கும்போது சிலந்தி ஊர்ந்துவிட்டது என்று சாதிப்பார். உண்மையில் பல்லிக்கும் சிலந்திக்கும் இதில் யாதொரு பங்கும் இல்லை. இது ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ் செய்யும் வேலை.

"ஹெர்ப்பீஸா? அது கெட்ட நோயல்லவா?" என்று கேட்பவர் நம்மில் பலர் உளர். அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. சென்ற ஆண்டு என் அறைத்தோழர் ஒருவர் இக்கேள்விக்கு விடை தெரியாமல் படிப்பையும், நிச்சயமான திருமணத்தையும், ஏறக்குறைய உயிரையுமே துறக்கத் துணிந்தார். அவர் இசைவு பெற்று, பெயரை மட்டும் மறைத்து, அவர் பட்ட பாட்டையும் இடையிலே சொல்வேன். முதலில் நோயின் இயல்பை ஆராய்வோம்.

பெயரும் பழமையும்

ஹெர்ப்பீஸ் என்பது 'ஊர்ந்து செல்லுதல்' என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பழங்காலத்து ஹிப்பாக்கிரட்டீசின் மருத்துவ நூல்களிலேயே இச்சொல் காணப்படுகிறது. ஆனால் அக்காலத்தார் தோலில் படர்ந்த பலவகைப் புண்களையும் இப்பெயரால் அழைத்தனர். பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பீசை 1736-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஆஸ்த்ருக் தம் நூலில் விவரித்தார்.

நம் நாட்டிலும் இதையொத்த பெயர்கள் உண்டு. தமிழர் 'அக்கி' என்கிறோம். நம்மைச் சுற்றி வாழும் கன்னடத்தார் 'சர்ப்ப சுத்து' என்கின்றனர். உடலைப் பாம்பு சுற்றிவருவதாகவும், அதன் தலையும் வாலும் கூடிவிட்டால் உயிர்க்கு ஆபத்து என்றும் அவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஊர்வது கிரேக்கத்திலும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. நோயைக் கண்ட கண்கள் எங்கும் ஒன்றாகவே கண்டிருக்கின்றன!

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே தெளிந்துகொள்ள வேண்டும். சர்ப்ப சுத்து என்பதும், மார்பிலோ முதுகிலோ ஒருபுறமாகப் பட்டை போல் எழும் அக்கி என்பதும் 'ஹெர்ப்பீஸ் சோஸ்டர்' ஆகும். சிறுவயதில் சின்னம்மையாக வந்த வைரஸ், பல ஆண்டு உறங்கியிருந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ மீண்டும் எழுவதே அது. உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வருவது 'ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ்'. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வெவ்வேறு வைரஸ்கள். மனிதரைத் தொற்றும் இக்குடும்பத்தில் ஒன்பது உறுப்பினர்களை அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர். நாம் இங்கே பேசவிருப்பது சிம்ப்ளெக்ஸ் பற்றியே.

எங்கள் சிற்றூரில் அக்கி கண்டவர் குயவர் வீட்டுத் தாத்தாவிடம் போவார்கள். அவர் காவிக்கல்லை இழைத்து, இறகால் தொட்டு, கொப்புளங்களைச் சுற்றிச் சிங்க உருவம் எழுதுவார். இதற்கு 'அக்கி எழுதுதல்' என்று பெயர். சிறுவனாயிருந்தபோது என் தந்தையார்க்கு அவர் எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காசு ஏதும் வாங்கமாட்டார். காவி என்பது இரும்பின் ஆக்சைடு கலந்த மண். அது உலரும்போது தோல் குளிர்ந்து எரிச்சல் சற்றுத் தணிவதில் வியப்பில்லை. சில நாளில் நோய் தானே ஆறிவிடுவதால் எழுத்தின் ஆற்றல் மேலும் உறுதிப்படும். அப்பெரியவரின் அன்பை நான் குறை கூறமாட்டேன். ஆனால் காவி வைரசைக் கொல்வதில்லை. சோஸ்டர் அக்கிக்கு 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினால் பயன் மிகுதி. எழுதிவிட்டுக் காத்திருக்கையில் அந்த வேளை கழிந்துவிடும் என்பதே நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

நுண்மத்தின் உருவம்

சிம்ப்ளெக்ஸ் வைரசின் குறுக்களவு ஏறத்தாழ 200 நானோமீட்டர். ஐயாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளந்தான் வரும்! நடுவே டி.என்.ஏ. இழை, அதில் சுமார் 1,52,000 எழுத்துக்கள். அதைச் சுற்றி 162 சிறு புரத உறுப்புகள் இணைந்த, இருபது முகங்கள் கொண்ட கூடு. அதற்கு வெளியே கொழுப்பாலான மெல்லிய போர்வை. சோப்பு நீரால் கைகழுவினால் இவ்வைரஸ் அழிவதற்குக் காரணம் இக்கொழுப்புப் போர்வை சிதைந்துவிடுவதே.

இதில் இரு வகைகள் உண்டு என்பதை 1962-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்னெவைஸ் எடுத்துக்காட்டினார். முதல் வகை பெரும்பாலும் வாயை அடுத்து வாழ்வது. குழந்தைப் பருவத்தில் உற்றார் இடும் முத்தத்தாலும் எச்சிலாலும் வந்துசேர்வது. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவால் பிறப்புறுப்பில் தொற்றுவது. 'பெரும்பாலும்' என்ற சொல்லை வாசகர் மறக்கலாகாது. வாய்வழி உறவால் முதல் வகையும் பிறப்புறுப்பைச் சென்றடையும்.

இந்நோய் எவ்வளவு பேரிடம் உள்ளது? உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குச் செய்த கணக்கின்படி, 50 வயதுக்கு உட்பட்டோரில் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், முதல் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர்க்குத் தமக்கு அது உண்டென்றே தெரியாது. ஒருமுறைகூடக் கொப்புளம் வராமலே வாழ்ந்து முடிப்பவர் பலர். மூன்று பேர் கூடியிருக்கும் அறையில் ஏறத்தாழ இருவரிடம் உள்ள ஒன்றை 'ஒழுக்கம் கெட்டவர் நோய்' என்று எவ்வாறு கூறுவது?

ஒளிந்து வாழும் கலை

ஒருமுறை வந்தது மீண்டும் மீண்டும் ஏன் வருகிறது? இதுவே இந்நோயின் சுவையான பகுதி. அறிஞர்கள் இப்புதிரை விடுவிக்க எழுபது ஆண்டுகள் ஆயின.

1905-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், கடும் முகவலிக்காக முகத்தின் முக்கிளை நரம்பு முடிச்சில் அறுவை செய்தவர்களுக்கு, அடுத்த சில நாளில் உதட்டை அடுத்துக் கொப்புளம் எழுவதைக் குறித்துவைத்தார். கத்தி பட்டது மண்டையோட்டினுள், கொப்புளமோ உதட்டில்! 1920-களில் குட்பாஸ்ச்சர் என்பார், வைரஸ் நரம்பின் வழியே பயணம் செய்து நரம்பு முடிச்சில் தங்கிவிடுகிறது என்று கருதினார். ஆனால் முடிச்சை அரைத்துச் சோதித்தால் வைரஸ் அகப்படவில்லை.

1971-இல் ஸ்டீவன்ஸ், குக் என்னும் இருவர் இதை வேறு வழியில் அணுகினர். சுண்டெலியின் பாதத்தில் வைரசைச் செலுத்தி, புண் முற்றும் ஆறியபின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளை எடுத்தனர். நேரே சோதித்தபோது ஏதும் இல்லை. அவற்றைச் சோதனைச் சாலையில் உயிரோடு சில நாள் வளர்த்தபோது வைரஸ் வெளிப்பட்டது! அடுத்த இரண்டாண்டுகளுக்குள் மனித நரம்பு முடிச்சிலும் அவ்வாறே கண்டனர்.

நடப்பது இதுதான். தோலில் நுழைந்த வைரஸ் அருகிலுள்ள நரம்பு நுனியைப் பற்றிக்கொள்கிறது. நரம்பினுள் பொருள்களை ஏற்றிச்செல்லும் பாதையிலேயே ஏறி, நரம்பணுவின் உட்கருவை அடைகிறது. உதட்டிலிருந்து சென்றது காதுக்கு முன்புறமாக மண்டையோட்டினுள் இருக்கும் முக்கிளை நரம்பு முடிச்சில் தங்கும். பிறப்புறுப்பிலிருந்து சென்றது இடுப்புப் பகுதியின் முடிச்சுகளில் தங்கும். அங்கே தன் டி.என்.ஏ.யை மட்டும் வைத்துக்கொண்டு, புரதம் எதையும் பெரும்பாலும் செய்யாமல் ஒடுங்கிவிடுகிறது. புரதம் வெளிப்பட்டால்தானே உடற்காவலர்கள் அடையாளம் காண்பர்?

கோடையில் ஏரி வற்றினால் விரால் மீன் சேற்றினுள் ஒடுங்கிக் கிடக்கும். ஏரியில் மீனே இல்லையென்று எண்ணுவோம். மழை பெய்ததும் அது வெளிவரும். இவ்வைரசும் அத்தகையதே. இதற்கு 'மழை' எது? காய்ச்சல், சளி, உறக்கமின்மை, மனக்கவலை, பெண்களுக்கு மாதவிலக்கு, பல் மருத்துவம், உராய்வு, வெயில் ஆகியவை. பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. குளுமையை நம்பி நண்பகலில் குடையின்றித் திரிகிறோம். ஆனால் உயரம் கூடினால் புற ஊதாக் கதிரின் வலிமையும் கூடும். மார்கழி, தை மாதங்களின் வறண்ட காற்றில் உதடும் வெடிக்கிறது. என் உதடு சொந்த ஊரில் இருந்ததைவிட இங்கே அடிக்கடி கெடுவதற்கு இவையும் காரணமாகலாம் என்று எண்ணுகிறேன்.

தோழர் பட்ட பாடு

இனி என் தோழர் கதைக்கு வருவோம். அவர் கணித மாணவர்; கலகலப்பானவர். சென்ற ஆண்டு ஆவணியில் அவர்க்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தை மாதத்தில் திருமணம் என்று பேச்சு. ஐப்பசியில் ஒருநாள் அவர் சோறுண்ண வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காய்ச்சல் என்றார். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், பிறப்புறுப்பில் கொப்புளங்கள். இவற்றையெல்லாம் என்னிடம் சொல்ல அவர்க்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளில் அவர் செய்தவை இரண்டு. மருந்துக்கடையில் 'தோல் அரிப்பு' என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். அது ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்குமாகையால் புண் அகன்றது. அடுத்து, 'இரகசிய நோய்கள் பூரண குணம்' என்ற சுவரொட்டியைக் கண்டு, வாரத்தில் ஒருநாள் விடுதி அறையில் வந்து தங்கும் ஒரு 'வைத்தியரிடம்' சென்றார். அவர் நாடி பார்த்து, "இது இரத்தத்தில் ஏறிவிட்டது, திருமணம் செய்தால் பெண்ணும் பிள்ளையும் அழிவார்கள்" என்று கூறி, நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இலேகியம் கொடுத்தார். அது அவர்க்கு இரண்டு மாதச் சாப்பாட்டுப் பணம்.

"ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கல்யாணம் வேண்டாம் என்று. இன்னும் அனுப்பவில்லை" என்றார். பிறகு சொன்ன சில சொற்களை இங்கே எழுத மனமில்லை. அன்றிரவு நாங்கள் மூவரும் முறைவைத்து விழித்திருந்தோம்.

விடிந்ததும் அவரை ஓர் அரசு மருத்துவமனையின் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு அழைத்துச்சென்றோம். நாங்கள் அஞ்சியவாறு அங்கே எவரும் முகஞ்சுளிக்கவில்லை. பார்த்த பெண் மருத்துவர், "என்னப்பா, இதுக்கா இப்படி அழுதே?" என்றார். பஞ்சுக் குச்சியால் புண்ணின் நீரை எடுத்தனுப்பினார். கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் சோதிக்கச் சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுத்து, களிம்பைக் குப்பையில் போடச் சொன்னார். சோதனையில் வந்தது முதல் வகை ஹெர்ப்பீஸ். அதாவது என் உதட்டில் இருப்பதே. மற்றவை இல்லை. பிறப்புறுப்பில் முதல் வகை வந்தால் மீண்டும் வருவது குறைவு என்றும், சராசரியாக முதல் ஆண்டில் ஒருமுறை வரலாம் என்றும், இரண்டாம் வகையாயின் நான்கு முறை வரலாம் என்றும், ஆண்டுகள் செல்லச்செல்ல அதுவும் குறையும் என்றும் விளக்கினார்.

அம்மருத்துவர் கூறிய மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. தொற்றிய உடனே புண் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஆண்டுகள் கழித்தும் முதற்புண் தோன்றலாம். ஆகவே கணவனுக்கோ மனைவிக்கோ இன்று புண் வந்தது என்பதைக்கொண்டு, நேற்று ஒருவர் தவறினார் என்று முடிவுகட்டுதல் அறிவியலுக்கு ஒவ்வாது. இவ்வுண்மையை அறியாமல் எத்தனை இல்லங்களில் ஐயம் புகுந்திருக்குமோ!

மருந்தின் கதை

அவர்க்குக் கொடுத்த மருந்தின் பெயர் அசைக்ளோவிர். அதன் பின்னே நம் போன்ற மாணவர்க்கு ஊக்கந்தரும் வரலாறு ஒன்று உண்டு.

கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார் 1918-இல் நியூயார்க்கில் பிறந்தவர். வேதியியலில் சிறப்புறத் தேர்ந்தும், பெண் என்பதால் சோதனைச் சாலைகளில் வேலை மறுக்கப்பட்டார். ஒரு காலத்தில் அவர் செய்த பணி ஊறுகாயின் புளிப்பைச் சோதிப்பது! 1944-இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் சேர்ந்தார். டாக்டர் பட்ட ஆராய்ச்சியை அவர் முடிக்கவேயில்லை. அவரும் ஹவர்ட் ஷேபரும் உடனுழைத்தோரும் உருவாக்கி ஆராய்ந்த அசைக்ளோவிர் பற்றி 1977, 1978 ஆண்டுகளில் உலகுக்கு அறிவித்தனர். 1988-இல் ஹிட்சிங்ஸ், பிளாக் ஆகியோருடன் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இம்மருந்து செயற்படும் முறை நுட்பமானது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களுள் 'ஜி' என்பதைப் போல் தோற்றமளிப்பது இது. ஆனால் அடுத்த எழுத்தைக் கோக்கும் கொக்கி இதற்கு இல்லை. உடலுக்குள் சென்றதும் இது செயலற்றுத் திரியும். தைமிடின் கைனேஸ் என்னும் வைரசின் நொதி ஒன்று இதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றினால்தான் இது விழித்தெழும். அந்நொதி இருப்பது வைரஸ் புகுந்த உயிரணுவில் மட்டுமே. அதன்பின் நம் உயிரணுவே மேலும் இரண்டு பாஸ்பேட்டுகளை ஏற்றிவிடும். வைரஸ் தன் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும்போது இந்தப் போலி எழுத்து உள்ளே புகுந்து இழையை அங்கேயே நிறுத்திவிடும். பகைவன் தன் கையாலேயே பூட்டைத் திறந்து, உள்ளே வந்த மருந்தால் மடிகிறான். நலமான உயிரணுக்கள் தீங்கின்றித் தப்புகின்றன.

இதிலிருந்தே மருந்தின் எல்லையும் விளங்கும். படியெடுக்கும் வைரசைத்தான் இது தடுக்கும். நரம்பு முடிச்சில் உறங்குவதை இது தொடாது. ஆகவே 'பூரண குணம்' என்று எவர் சொன்னாலும் நம்பற்க. சிம்ப்ளெக்ஸ் வைரசுக்கு இன்றளவும் நடைமுறைக்கு வந்த தடுப்பூசி இல்லை. உறங்கும் டி.என்.ஏ.யையே வெட்டி எறியும் முயற்சியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2020-இல் சுண்டெலிகளிடம் பெருவெற்றி கண்டனர். மனிதர்க்கு அது வரும் நாளை எதிர்நோக்குவோம்.

நாம் செய்யத்தக்கவை

இலேசாக வந்துபோகும் கொப்புளத்திற்குப் பெருமுயற்சி ஏதும் வேண்டியதில்லை. சிலவற்றை மட்டும் கடைப்பிடித்தால் போதும்.

முதலாவது, முன்னறிவிப்பை அறிதல். கொப்புளம் எழுவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பாக அவ்விடத்தில் ஊறலும் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றும். மாத்திரை உட்கொள்வதாயின் அந்த முதல் நாளிலேயே தொடங்கினால்தான் பயன். ஆதலின் அடிக்கடி வருபவர்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்திருத்தல் நன்று. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் இரண்டும் வழக்கில் உள்ளவை. அளவு மருத்துவரால் முடிவுசெய்யப்பட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு அளவு மாறும். மாத்திரை உண்ணுங்கால் நிறையத் தண்ணீர் பருக வேண்டும்.

இரண்டாவது, புண்ணைத் தூய்மையாகவும் உலர்ந்ததாகவும் வைத்தல். வெறுந்தண்ணீராலோ உப்புக் கலந்த இளஞ்சூட்டு நீராலோ கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். கொப்புளத்தைக் கிள்ளுதல், உடைத்தல், சுண்ணாம்பு தடவுதல் ஆகாது. துணியில் சுற்றிய பனிக்கட்டி எரிச்சலைத் தணிக்கும். வலிக்குப் பாரசிட்டமால் உண்டு. உதட்டுப் பொருக்கு வெடிக்காமலிருக்க வாசலைன் பூசலாம். இடுப்புப் பகுதியில் புண்ணாயின் தளர்ந்த பருத்தி உள்ளாடை உடுத்த வேண்டும். சிறுநீர் எரிந்தால், கழிக்கும்போதே தண்ணீர் ஊற்றிக்கொள்வது உதவும்.

மூன்றாவது, கை. புண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது. கண்ணாடி வில்லையைக் கண்ணுக்குள் அணிபவர் அதை எச்சிலால் நனைக்கும் பழக்கத்தை அறவே விடுக. துண்டு, சவரக் கத்தி, உதட்டுப்பூச்சு இவற்றைப் பிறரோடு பகிராதீர். கழிப்பறைப் பலகையாலோ ஒரே அறையில் வாழ்வதாலோ இது தொற்றுமென அஞ்சத் தேவையில்லை.

நான்காவது, பச்சிளங்குழந்தைகள். உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், பாட்டியாயினும் மாமனாயினும், பிறந்து சில வாரமேயான குழந்தையை முத்தமிடலாகாது. நமக்குப் பத்து நாள் தொல்லையாயிருப்பது அக்குழந்தைக்கு உயிர்க்கேடாகலாம். கருவுற்ற பெண் தனக்கோ கணவனுக்கோ இந்நோய் இருந்தால் மகப்பேற்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருக்காலத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றுவதே பெரிதும் ஆபத்தானது. பழைய தொற்றாயின் தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் காவலாகும். பேற்றுவலியின்போது புண் இருந்தால் அறுவை முறையில் குழந்தையை எடுப்பர்.

ஐந்தாவது, வெயில். தூண்டுவது வெயிலெனக் கண்டவர்கள் குடையும், வெயில்தடுப்புக் கலந்த உதட்டுப்பூச்சும் கையாள்க. தூண்டுவது கண்விழிப்பாயின் அதற்கு மருந்து கடையில் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் அறிவுரையும் இதுவே.

ஆண்டுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ வருபவர்க்கு நாள்தோறும் சிறு அளவு மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு. அதனால் வருகை நூற்றுக்கு எழுபது, எண்பது அளவு குறையும். வாலாசைக்ளோவிரை நாள்தோறும் உண்பதால் இரண்டாம் வகை வைரஸ் துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆணுறையும் வாய்ப்பைக் குறைக்கும், முற்றும் நீக்காது. புண் இல்லாத நாளிலும் சிலவேளை தோலில் வைரஸ் வெளிப்படுவதே காரணம். புண் இருக்கும் நாளிலும், ஊறல் தோன்றிய நாளிலும் உறவைத் தவிர்ப்பது கட்டாயம்.

உடனே மருத்துவரிடம் விரைய வேண்டிய வேளைகளும் உண்டு. கண் சிவந்து வலித்தால் விரைக. கடைக்காரர் தரும் ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை ஊற்றினால் பார்வையே கெடலாம். கடுந்தலைவலி, காய்ச்சல், பேச்சுக் குழறல், மனக்குழப்பம் இவை சேர்ந்து வந்தால் வைரஸ் மூளையைத் தாக்கியதாகலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டாலும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு வந்தாலும் தாமே மருத்துவம் செய்யலாகாது.

பிறப்புறுப்பில் முதல்முறை புண் கண்டவர் எவராயினும் சோதித்தே தீர வேண்டும். கிரந்திப் புண்ணும் எளிதில் ஏமாற்றும். இரண்டாம் வகை ஹெர்ப்பீஸ் உள்ளவர்க்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் ஏறத்தாழ மும்மடங்கு ஆகிறது. அரசு மருத்துவமனைகளில் 'சுரக்ஷா கிளினிக்' என்னும் பால்வினை நோய்ப் பிரிவுகள் இதற்கென்றே உள்ளன. அங்கே நோய்க்கேற்ப நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் இலவசமாகத் தரப்படுகின்றன. ஹெர்ப்பீஸ் புண்ணுக்குரியது சிவப்புப் பொட்டலம். அதில் ஏழு நாளுக்குரிய அசைக்ளோவிர் இருக்கும். நம் தோழர் இலேகியத்துக்குக் கொடுத்த நாலாயிரத்தை எண்ணும்போது நெஞ்சு வேகிறது.

இரத்தச் சோதனை பற்றியும் ஓர் எச்சரிக்கை. புண் இருக்கும்போது அதன் நீரைச் சோதிப்பதே சிறந்தது. இரத்தத்தில் முதல் வகைக்கு எதிர்ப்பொருள் இருப்பதாக வந்தால், எப்போதோ எங்கோ தொற்றியது என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறாது. 'ஐ.ஜி.எம்.' என்னும் சோதனை இந்நோய்க்கு நம்பத்தக்கதன்று. 'டார்ச்' என்ற பெயரில் பலவற்றைச் சேர்த்துச் செய்யும் சோதனையில் இது வந்துவிட்டதென்று கலங்கும் தம்பதியர், அத்தாளை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுவாராக.

சொல்லும் கடன்

மருந்தைவிடக் கடினமானது ஒன்று எஞ்சியிருந்தது. மணக்கவிருந்த பெண்ணிடம் என் தோழர் சொல்ல வேண்டும். "சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றார் எங்களுள் ஒருவர். "எனக்குத் தெரியுமே" என்றார் அவர். ஒரு ஞாயிறு மாலை மொட்டைமாடிக்குச் சென்று தொலைபேசியில் பேசினார். கீழே நாங்கள் காத்திருந்தோம். இறங்கி வந்தவர், "யோசித்துச் சொல்கிறேன் என்றாள்" என்று மட்டும் கூறினார்.

இரண்டு நாள் கழித்து அப்பெண் அழைத்தார். அவருடைய தாயார்க்குக் கோடைதோறும் உதட்டில் இதே கொப்புளம் வருவதுண்டாம். "நாம் ரெண்டு பேரும் சேர்ந்தே டாக்டரைப் பார்க்கலாம். எனக்கும் கேட்க வேண்டியது இருக்கு" என்றாராம். அவ்வாறே சென்றனர். திருமணம் தையில் நடக்கவில்லை, பங்குனியில் நடந்தது. பந்தியில் பரிமாறியவருள் நானும் ஒருவன்.

எல்லார்க்கும் இவ்வாறே நல்லபடி முடியும் என்று நான் உறுதி கூற இயலாது. சிலர்க்கு மறுப்பும் கிடைக்கலாம். ஆயினும் உண்மையை அறிந்தவர் உண்மையைச் சொல்லவும் கூடும். அறியாதவர் அச்சத்தையே சொல்வார். இவ்வைரஸ் நம் நரம்பிலே உறங்குவது. அதைப் பற்றிய நாணமோ நம் ஊரிலே விழித்திருப்பது. முன்னதை நீக்க அறிஞர்கள் பாடுபடுகின்றனர். பின்னதை நீக்குவது படித்த நம் பொறுப்பு.

நண்பர்களே! உங்கள் அறையிலும் ஒருவர் இரண்டு நாளாகச் சோறுண்ண வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். விளக்கைப் போட்டு, பக்கத்தில் அமர்ந்து, என்னவென்று கேளுங்கள். இவ்விதழைக் கையில் கொடுங்கள். விடிந்ததும் உடன் செல்லுங்கள்.